மத்திக்கும் வட்டாரத்துக்கும் நடுவில் என் அக்கா

என் அக்காவிடம் தமிழில் பேசுவது யாருடைய அதிகாரத்தில் வருகிறது என்று, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், ஒரு மேசை நிறைய ஆண்கள் உட்கார்ந்து மாதக்கணக்கில் விவாதித்தார்கள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மசால்வடை வந்தது, காப்பி வந்தது, ஒருவர் எழுந்து இன்னொருவரை ‘அன்புக்குரிய ஐயா அவர்களே’ என்று அழைத்தார். அதே மாதங்களில்தான் அக்காவின் வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தான் உயர்நிலைப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அவளுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான் ஆங்கிலத்தில் கேட்டால் என் வாக்கியத்தைத் திருத்திவிட்டு அப்புறம்தான் பதிலே வரும். தமிழ் வானொலி ஓடினால் எழுந்துபோய் நிறுத்துவாள். மகனையும் அப்படியே வளர்த்தாள். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் சாப்பாட்டுத் தட்டில் அடங்கிவிடும். நல்ல பையன்தான், அம்மாவைத் தன்னோடு பாசிர் ரிஸ் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பெற்ற தாயிடம் பேச ஒரு மொழி இல்லாத பிள்ளையை உருவாக்கிய பெருமை முழுக்க அக்காவைத்தான் சேரும்.

மறதி நோய் வந்தபோது அது முதலில் ஆங்கிலத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனது. பிறகு சந்தையில் பேசும் மலாய் போயிற்று. மிஞ்சியது தமிழ். அதுவும் பள்ளிக்கூடத்துத் தமிழ் கிடையாது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், தஞ்சோங் பகார் தொழிலாளர் குடியிருப்பில் சின்னப் பிள்ளையாக அவள் பேசிய தமிழ். அரைநூற்றாண்டாக எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ தெரியாது. ஒரு நாள் காலையில் மகன் எனக்குப் போன் செய்தான்.

“ஆண்ட்டி, வாட் இஸ் ‘புழுங்குது’? அம்மா ஹோல் மார்னிங் சேம் வேர்ட் லா. ஷுட் ஐ டேக் ஹர் டு தி டாக்டர்?”

“ஃபேனைப் போடுடா,” என்றேன்.

என்னோடாவது அவள் பேசியிருக்கலாம். பேசவில்லை. காரணம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஆங்கிலம் பேசவேண்டும் என்று தோன்றிவிடும். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் போட்டு வைத்த மொழி அது. வாயைத் திறப்பாள், சொல் கிடைக்காது, உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் தமிழில் பேச்சுக் கொடுத்தாலும், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. நான் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டில் வண்டி மாறி, தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எம்ஆர்டி ரயிலில் போய், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

மற்ற நாள்களில் அக்கா வீட்டுக்கு அருகில் உள்ள முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இருப்பாள். அங்கே வேலை பார்ப்பவர்கள் தங்கமானவர்கள். ஒருத்தி மியன்மார், ஒருத்தி பிலிப்பீன்ஸ், மேலாளர் சீனப் பெண்மணி. தமிழ் யாருக்கும் வராது. அதனால் பாசிர் ரிஸ் வட்டாரத் தமிழர் குழுவிலிருந்து ஒரு அம்மா தொண்டூழியராக ஒவ்வொரு பிற்பகலும் அங்கே வந்து அக்காவோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் குடியிருப்பவர். அவருடைய கணவர் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நான் அவரை லாத்தா என்று கூப்பிடுவேன், அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்.

லாத்தா அப்படி என்ன பேசுகிறார் என்று பார்க்க ஒருமுறை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவர் பேசவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா தமிழில் பொழிந்துகொண்டிருந்தாள். குழாயடியில் யாரோ யாருடைய வாளியையோ எட்டி உதைத்தது, அப்பாவின் சம்பள நாளில் வாங்கிவந்த பிஸ்கட் டின், அந்த டின்னிலிருந்து தங்கச்சிக்குத் தெரியாமல் தான் எடுத்துத் தின்றது. தங்கச்சி நான்தான். லாத்தா செய்ததெல்லாம், அக்கா மூச்சு விடும் இடத்தில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்று கேட்டது மட்டும்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அந்தப் பொம்பள வாளியத் தூக்கிட்டு வந்துட்டா.”

“அய்யே! அப்புறம்?”

இப்படியே போனது. நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் வந்திருந்தால் அக்கா நிறுத்தியிருப்பாள். மருத்துவரும் அதையேதான் சொல்லியிருந்தார்: பேசும்வரை பேச்சு இருக்கும், நிறுத்தினால் திரும்பி வருமா என்று சொல்ல முடியாது. இதற்கு மேல் அக்காவிடம் இழக்க இன்னொரு மொழி கிடையாது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

இப்போது அந்த மேதாவிகளுக்கு வருகிறேன்.

தீவெங்கும் இப்படிச் சின்னச் சின்ன வட்டாரக் குழுக்கள் பல இருந்தன. பாசிர் ரிஸில் ஒன்று, எங்கள் புக்கிட் பாத்தோக்கில் ஒன்று. பொங்கலுக்குப் பானை வைப்பார்கள், தீபாவளிக்கு முறுக்கு சுற்றுவார்கள், முடியாதவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். யாருக்கும் யாரும் தலைவர் இல்லை. அது சிலருக்குப் பொறுக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர், அலுவலகத்தில் தனக்குக் கீழே இருந்தவர்களெல்லாம் ஒரே நாளில் காணாமல் போன துக்கத்தில் இருந்தவர், எல்லாக் குழுக்களையும் ஒரு கூட்டமைப்பாக இணைக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். தலைவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்த முதல் கூட்டத்துக்கு நானும் எங்கள் வட்டார உறுப்பினராகப் போயிருந்தேன். தலைவர் அச்சடித்த அமைப்புவிதிகளை எல்லோர் கையிலும் கொடுத்தார். அட்டையில் தங்க எழுத்து. கூட்டாட்சி முறை, என்றார். அதிகாரத்தை மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறோம்: மத்தியக் குழுவுக்கு ஒன்று, வட்டாரங்களுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. இந்தியாவிலும் மலேசியாவிலும் அப்படித்தான் இருக்கிறதாம். இருக்கிறதுதான். அந்த நாடுகளைப் போய்ப் பாருங்கள். டெல்லியில் இருப்பவனுக்குத் திருநெல்வேலி வாய்க்காலில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று தெரியாது. திருநெல்வேலிக்காரன் எல்லையில் படை நிறுத்த முடியாது. தூரம் இருக்கிறது, மக்கள் வேறு வேறாக இருக்கிறார்கள், ஒருவன் கையிலேயே எல்லாம் இருந்தால் அவன் மிதிப்பான் என்ற பயம் இருக்கிறது. அதனால் பிரித்தார்கள். இங்கே தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் கைப்பேசியில் ஒரு படம்கூட முழுதாகப் பார்த்து முடிக்க முடியாது. நமக்கு மாநிலமும் கிடையாது, மாவட்டமும் கிடையாது. நாமே ஒரு காலத்தில் பக்கத்து மலேசியாவோடு மாநிலமாக இருந்து பார்த்தோம், இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. ஆளுவதற்கு ஒன்றும் இல்லாத ஊரில் ஆளும் ஆசை மட்டும் இவர்களை விடவில்லை.

பட்டியலைப் படித்தேன். மத்திக்கு: மொழி, மேடை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை. வட்டாரத்துக்கு: முதியோர் நலன், நாற்காலி, பந்தி, துப்புரவு. பொதுவில்: பொங்கல், தீபாவளி, நோன்புக் கஞ்சி. பொன்னாடையை மத்தி எடுத்துக்கொண்டதற்கு ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில், வெளியூர் விருந்தினருக்குப் போர்த்துவது மத்தி, உள்ளூர்க்காரருக்குப் போர்த்துவது வட்டாரம் என்று சமாதானம் ஆனார்கள். பட்டியலில் இல்லாத அதிகாரம் யாருக்கு என்று அடுத்த சண்டை. இந்தியாவில் அது மத்திக்கு என்றார் தலைவர். மலேசியாவில் மாநிலத்துக்கு என்றார் பாசிர் ரிஸ் வட்டாரச் செயலாளர். ஜோகூரில் மாமனார் வீடு இருப்பதால் அவர் அதைத் தெரிந்துவைத்திருந்தார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதிகாரத்தை இப்படி அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள், வேலையை யார் செய்வது என்று மட்டும் ஒரு வரி எழுதவில்லை. அதை வழக்கம்போலப் பெண்கள் செய்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பொழுது போகாத மனிதர்கள், விளையாடட்டும் என்று விட்டேன். அடுத்த வருஷம் பிறந்தபோதுதான் அந்த விளையாட்டு அக்காவின் தலையில் விடிந்தது.

பராமரிப்பு நிலையத்துக்கு ஒரு விதி உண்டு, நியாயமான விதி. சொந்தக்காரர்களைத் தவிர வேறு யார் வந்து முதியவர்களோடு உட்கார்ந்தாலும், ஒரு பதிவுபெற்ற அமைப்பு அவருக்குப் பொறுப்பேற்றுக் கடிதம் தரவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். இதுவரை பாசிர் ரிஸ் செயலாளர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்துவிடுவார். இந்த வருஷமும் எழுதிக்கொடுத்தார். அதை யாரோ தலைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தலைவர் உடனே நிலையத்துக்கு எழுதிவிட்டார்: தமிழில் உரையாடுதல் மொழி சார்ந்த நடவடிக்கை, மொழி மத்தியக் குழுவின் அதிகாரத்தில் உள்ளது, வட்டாரம் தந்த கடிதம் செல்லாது. செயலாளர் சும்மா இருப்பாரா? முதியவரோடு உட்கார்ந்திருத்தல் முதியோர் நலன், அது வட்டாரத்துக்கு உரியது, மத்தி தலையிடக்கூடாது என்று அவரும் எழுதினார். இரண்டு கடிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சீன மேலாளர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள், அதுவரை அந்த ஆண்ட்டியை உள்ளே விட முடியாது, எனக்கும் மேலே பதில் சொல்லவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பாவம், அவரைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நான் தலைவருக்குப் போன் செய்தேன்.

“அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது பர்சனல் இல்ல. ஜூரிஸ்டிக்‌ஷன் இஷ்யூ. இன்னிக்கு ஒரு வட்டாரத்துக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

“என்னத்தக் கேப்பாங்க? ஒரு வயசான பொம்பளகிட்ட பேசறதையா?”

“கொள்கைம்மா, கொள்கை,” என்றார்.

செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் என்னைச் சகோதரி என்றார். தன் நெஞ்சே வெடித்துவிடும்போல் இருக்கிறது என்றார். “ஆனா நான் இறங்கிப் போனா வட்டார உரிமை என்னாவறது? நீங்களே சொல்லுங்க லா.” நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நான் வேலை பார்ப்பது தஞ்சோங் பகாரில் ஒரு சரக்கு நிறுவனத்தில், கப்பலில் ஏறும் இறங்கும் சாமான்களுக்குச் சுங்க அனுமதி எடுக்கும் வேலை. ஒவ்வொரு சாமானும் எந்த வகையில் வரும் என்று முடிவு செய்யவேண்டும். உள்ளே விளக்கு எரியும் செருப்பு வரும். அது செருப்பா விளக்கா? பேசும் பொம்மை வரும், பொம்மையா ஒலிபெருக்கியா? இந்தக் குழப்பம் எனக்குப் புதிதில்லை. எதையும் இரண்டு வகையில் சேர்க்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் மேசையில் முடிவு அன்றைக்கே எடுத்தாகவேண்டும், ஏனென்றால் கப்பல் போய்விடும். அது முதன்மையாக எதற்குப் பயன்படுகிறது என்று பார்ப்போம், அதன்படி ஒரு வகையில் போடுவோம், வேலை நடக்கும். இவர்களுக்கோ கப்பலும் இல்லை, துறைமுகமும் இல்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது போகும்வரை திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

வேறு வழிகளையும் பார்த்தோம். லாத்தாவைச் சொந்தக்காரர் என்று எழுதிக்கொடுக்கிறேன் என்று அக்காவின் மகன் சொன்னான். அவரை நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், அது நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லாத்தா கணவரின் கடையில் நிற்பார், அதனால் மற்ற நாள்களில் மாலையில் வீட்டுக்கு வரச் சொன்னோம். லாத்தா தன் வீட்டுச் சமையலைப் போட்டுவிட்டு வந்தார். ஆனால் வெயில் சாய்ந்தால் அக்கா வேறு ஆளாகிவிடுவாள்; வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுவாள், யார் பேசினாலும் காதில் ஏறாது. லாத்தாவைக் கண்டு பயந்துபோய்க் கத்தியதும் அந்த முயற்சியை விட்டுவிட்டோம்.

அதற்குள் மத்தியக் குழு தன் அதிகாரத்தை நிலைநாட்ட ஒரு ஆளையே அனுப்பியது. பட்டிமன்றப் பேச்சாளர், வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. நிலையத்தில் அனுமதித்துவிட்டார்கள், கடிதத்தில் பெரிய முத்திரை இருந்ததால். அவர் அக்காவின் முன்னால் நின்று, கைகூப்பி, “அம்மையார் அவர்களே, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? தமிழன்னையின் சார்பில் தங்களை வணங்கி மகிழ்கிறேன்,” என்று ஆரம்பித்தாராம். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பிலிப்பீன்ஸ் பெண்ணிடம், “எலக்‌ஷன் வந்துருச்சா?” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த வரியை அப்படியே மனப்பாடம் செய்து எனக்குச் சொன்னாள். அக்கா அந்த வருஷம் சொன்ன கடைசி முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். பேச்சாளரை அனுப்பியது முதியோர் நலனில் அத்துமீறல் என்று செயலாளர் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார். பேச்சாளரும் நின்றுபோனார். அது ஒன்றுதான் வட்டார உரிமையால் எங்களுக்குக் கிடைத்த நன்மை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது அக்கா எவ்வளவு பேசினாள் என்று மகனிடம் விசாரிப்பேன். முதலில் கதைகள் போயின என்று லாத்தாவிடம் சொன்னேன். பிறகு வாக்கியங்கள் போயின. மகன் தண்ணீர் கொடுத்தால் தம்ளரைப் பார்ப்பாள், அதன் பெயரைத் தேடுவாள். முன்பு அவன் புரியாமல் எனக்குப் போன் செய்வான். இப்போது போன் வருவதில்லை. புரியாதபடி பேசுவதற்குக்கூட அவளிடம் ஒன்றும் இல்லை. புழுங்குகிறது என்றால் ஜாக்கெட் கழுத்தை இழுத்து விட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் உட்கார்ந்து அந்த ஆண்களை ஒவ்வொருவராக மனத்துக்குள் வைவேன். ஜூரோங் ஈஸ்ட் வருவதற்குள் எல்லோரையும் ஒருமுறை சுற்றி வந்து மறுபடியும் தலைவரிடம் நிற்பேன்.

கடைசியில் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். அதே மாடி, அதே மசால்வடை. என் அக்காவின் பெயரைச் சொல்லாமல் ‘அந்த விவகாரம்’ என்றார்கள். நான் எழுந்தேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அம்மா, தனி உறுப்பினர் நேரடியா பிரச்சினை எழுப்ப விதியில இடமில்ல. உங்க வட்டாரம் மூலமா வாங்க.”

எங்கள் புக்கிட் பாத்தோக் செயலாளர் பக்கத்திலேயே இருந்தார். அவர் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சிஸ்டர் நம்ம வட்டாரம். ஆனா அக்கா இருக்கறது பாசிர் ரிஸ் வட்டாரம். ரெண்டு வட்டாரத்துக்கு நடுவுல வர்ற விஷயம் மத்திக்குத்தான் போவும்,” என்றார்.

“மத்திக்குப் போனா?” என்றேன்.

“மத்திக்குத் தனி உறுப்பினர் நேரடியா வர முடியாது.”

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதுபோல. நான் உட்காரவில்லை. விதி இருக்கட்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டேன். எங்கள் மேசையில் கப்பல் காத்திருக்கும் கதையைச் சொன்னேன். என் அக்காவுக்கும் அப்படி ஒரு கப்பல் நிற்கிறது, நீங்கள் வகைப்படுத்தி முடிப்பதற்குள் அது போய்விடும், அப்புறம் உங்கள் பட்டியலை எங்கே ஒட்டுவீர்கள் என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது, அதில் எனக்கு வெட்கமில்லை. முடித்ததும் கைதட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, “என்ன அருமையான உவமை! இத ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்கம்மா,” என்றார். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அன்று அந்த மாடிப்படியில் இறங்கும்போது எனக்கு வந்த அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை. கெட்டவர்களாக இருந்தாலாவது பயந்திருப்பேன். இவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை, வெறும் அல்பங்கள்.

இணக்கக் குழு ஒன்று போட்டார்கள். மத்தியிலிருந்து சிலர், வட்டாரத்திலிருந்து சிலர். மழை மாதம் வந்து போனது, பொங்கல் வந்து போனது. பொதுப் பட்டியலில் இருந்ததால் பொங்கலுக்கு இரண்டு பானைகள் வைத்தார்கள், இரண்டிலும் கரண்டி போட இரண்டு பேர். கடைசியாகத் தீர்ப்பு வந்தது. நான் அதைப் பலமுறை படித்தேன், குடித்துவிட்டு எழுதினார்களோ என்று. ஆனால் அந்த மேசையில் காப்பியைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. தொண்டூழியர் செந்தமிழில் பேசினால் அது மொழி, மத்தியின் அதிகாரத்தில் வரும். பேச்சுத்தமிழில் பேசினால் அது நலன், வட்டாரத்தின் அதிகாரத்தில் வரும். உரையாடலின்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேர்ந்தால் இரு தரப்பும் இணைந்து பொறுப்பேற்கும். ஆகவே கடிதத்தில் இரண்டு கையெழுத்தும் இரண்டு முத்திரையும் இருக்கவேண்டும்.

லாத்தாவிடம் படித்துக் காட்டினேன்.

“எனக்கு அந்தத் தமிழ் வராதும்மா,” என்றார் கவலையோடு. “எங்கூட்டுத் தமிழ்தான் வரும். அது எந்தப் பக்கம்?”

“நீங்க வாங்க லாத்தா, போதும்,” என்றேன்.

அவர் திரும்பிப் போன முதல் நாள் நானும் லீவு போட்டுவிட்டுப் போய், பழைய தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அக்கா கதவுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் இருந்தாள். மெலிந்திருந்தாள். லாத்தா எதிரில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“டீச்சர், நான்தான். நல்லாருக்கீங்களா? என்னய மறந்துட்டீங்களா?”

அக்கா அவரைப் பார்த்தாள். வாய் அசைந்தது, நின்றது. லாத்தா காத்திருந்தார், அது அவருக்கு நன்றாக வரும். வெகுநேரம் கழித்து அக்கா தன் இன்னொரு கையை எடுத்து, லாத்தா செய்வதுபோலவே கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.

லாத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அன்று காலை மீன் கடையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தும்போதெல்லாம் “அப்புறம்?” என்றாள். வேறு சொல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. குழாயடி, வாளி, பிஸ்கட் டின் எல்லாம் போய்விட்டன. அத்தனை தமிழிலும் மிஞ்சியது லாத்தா அவளிடம் கேட்டுக் கேட்டுப் பதிந்துபோன அந்த ஒரு சொல்தான். இப்போது கதை சொல்வது லாத்தாவின் வேலையாகிவிட்டது. அவர் பேசுகிறவர் கிடையாது, இருந்தாலும் தினமும் வீட்டிலிருந்து ஏதாவது யோசித்துக்கொண்டு வருகிறார்.

தலைவர் போன் செய்தார். ஆண்டு மலரில் இதை மத்தி–வட்டார ஒத்துழைப்புக்கு ஒரு எடுத்துக்காட்டாகப் போடப்போகிறார்களாம். அக்காவோடு ஒரு படம் எடுக்க இரு தரப்பிலிருந்தும் வருவார்களாம். அக்கா உள்ளூர்க்காரர் என்பதால் பொன்னாடையை வட்டாரம் போர்த்துமாம், அதில் மத்திக்கு ஆட்சேபம் இல்லையாம்.

“வந்தீங்கன்னா காலை உடைப்பேன்,” என்றேன்.

“அம்மா, நீங்க ரொம்ப எமோஷனலா—”

வைத்துவிட்டேன். அந்தக் கூட்டமைப்பில் இப்போது நான் இல்லை. லாத்தாவின் கடிதத்துக்கு ஆபத்து வரும் என்று தெரிந்ததால்தான் இத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பாசிர் ரிஸ் போனேன். மகன் சாமான் வாங்கக் கீழே போயிருந்தான். நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இதுதான் எங்கள் ஞாயிறு. எதிரில் போய் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடிக்கவில்லை. ஆங்கிலத்தைத் தேடவில்லை. தேடவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.

எனக்கு நினைவு தெரிந்து என் அக்கா என்னிடம் தானாகப் பேசிய முதல் தமிழ்ச் சொல் அதுதான். என்ன சொல்வதென்று தெரியாமல் அழுதுகொண்டே இந்தக் கதையையே சொன்னேன். தங்க எழுத்து அட்டை, மூன்று பட்டியல், பொன்னாடைச் சண்டை, இரண்டு பானை, எல்லாவற்றையும் அந்த ஆண்களின் குரலில் நடித்துக் காட்டினேன். எலக்‌ஷன் இடத்தில் நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், புரிந்து சிரித்தாளா என்று தெரியாது. நான் மூச்சு விடும் இடத்திலெல்லாம் தவறாமல் கேட்டாள். தீர்ப்புவரை வந்துவிட்டேன். இரண்டு கையெழுத்து, இரண்டு முத்திரை.

“அவ்வளவுதான்க்கா. முடிஞ்சிருச்சு,” என்றேன்.

அக்கா கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.